நடித்த பிள்ளை மைதானத்துக்குப் போவதென்றால்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 17 வயது. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரு தமிழ்த் தொலைக்காட்சித் தொடரில் நடித்தவன். இன்றைக்கும் சந்தையில் அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அவனுக்கு அது பிடிப்பதில்லை. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் விளையாட்டு பற்றி எழுதப் போகிறேன், படமும் நானே எடுப்பேன் என்கிறான். தகப்பனோ இரண்டும் சோறு போடாது என்கிறார். இது ஒரு தொழிலா, நடித்த பழக்கம் உதவுமா இடைஞ்சலா, இரண்டையும் ஒருவரே செய்ய முடியுமா, கொழும்பில் எங்கே தொடங்குவது?

சகோதரி, நானும் அப்படி ஒரு பிள்ளைதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஒரே ஒரு வீட்டில்தான் ரிவி இருந்தது. இரண்டு வருடம் கழித்து, பத்து வயதில், ஒரு தமிழ் நாடகத்தில் எனக்கு வேடம் கிடைத்தது. பதின்மூன்று வயதில் குரல் உடைந்தது. அதோடு சரி. யாரும் ‘உன் வேலை முடிந்தது’ என்று சொல்லவில்லை. காலையில் வீட்டுக்கு வரும் வான் வரவில்லை, அவ்வளவுதான். அம்மா இரண்டு கிழமை சட்டையை அயர்ன் பண்ணி வைத்துக் காத்திருந்தார். உங்கள் மகனுக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கலாம். நடந்திருந்தால் அதைப் பற்றி அவனோடு ஒருமுறை ஆறுதலாகக் கதைத்துப் பாருங்கள். சின்ன வயதில் வேலை பார்த்து, சின்ன வயதிலேயே வேலை இழந்தவன் அவன். பெரியவர்களுக்கு அப்படி நடந்தால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் 1950களின் இறுதியில் ‘லீவ் இட் டு பீவர்’ என்ற தொடர் பெரிய புகழ் பெற்றது. அதில் கில்பர்ட் என்ற சிறுவனாக வந்த ஸ்டீபன் டால்பட் வளர்ந்து ஊடகவியலாளர் ஆனார். ‘ஃபிரண்ட்லைன்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஆவணப்படங்கள் செய்தார். அதே தொடரின் குறும்புக்காரன் எடியாக நடித்த கென் ஒஸ்மண்ட் 1970இல் லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸில் சேர்ந்தார். அந்தக் காலத்து இன்னொரு சிறுவர் நட்சத்திரமான போல் பீட்டர்சன், நடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் துணை நிற்பதற்கென்றே 1990இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். நடித்த பிள்ளை நடிகனாகத்தான் ஆக வேண்டும் என்று எங்கும் விதி இல்லை. கொழும்பிலேயே லயனல் வென்ட் சட்டம் படித்தவர், பியானோ கலைஞர். இன்றைக்கு உலகம் அவரைப் புகைப்படக் கலைஞராகத்தான் நினைவு வைத்திருக்கிறது.

காசு விஷயத்தையும் இங்கேயே சொல்லி விடுகிறேன். ஜாக்கி கூகன் என்ற சிறுவன் பேசாப்பட காலத்தில் லட்சக்கணக்கான டொலர் உழைத்தான். பெரியவனாகிக் கேட்டபோது தாயும் தாயின் இரண்டாவது கணவரும் பெரும்பகுதியைச் செலவழித்திருந்தார்கள். 1938இல் வழக்குப் போட்டார். அதற்குப் பிறகுதான், 1939இல், கலிபோர்னியாவில் பிள்ளைகளின் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும் சட்டம் வந்தது. உங்கள் மகன் நடித்த காசில் ஏதாவது மிச்சம் இருந்தால், அதைத் தொடாமல் அவன் கையில் கொடுங்கள். அவனுடைய முதல் கமரா அந்தக் காசில் வந்தால் அதற்கு ஒரு தனி மதிப்பு இருக்கும்.

இனி, நடித்தது உதவுமா என்ற கேள்வி. உதவும். ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை. முகம் தெரிந்தவன் என்பதால் ஆசிரிய பீடத்தில் கதவு திறக்காது. திறந்தாலும் அந்தக் கதவால் போக வேண்டாம் என்பேன். உதவுவது வேறொன்று.

படப்பிடிப்புத் தளத்தில் ஒரு பிள்ளை அதிகம் செய்வது நடிப்பு இல்லை, காத்திருப்பு. விளக்கு மாற்ற ஒரு மணித்தியாலம், ஒலி சரிபார்க்க அரை மணி, மழை ஓயும்வரை ஒரு பின்னேரம். அந்த நேரமெல்லாம் அவன் சும்மா இருப்பதாகப் பெரியவர்கள் நினைப்பார்கள். அவன் சும்மா இருப்பதில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறான். ‘கட்’ சொன்ன பிறகு நடிகரின் முகத்துக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிறான். அழுது முடித்தவர் கண்ணைத் துடைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்கிறார். சிரித்து முடித்தவர் ஒரு மூலையில் போய்த் தனியே இருக்கிறார். நான் அங்கே கற்ற பாடம் இதுதான். காட்சி முடிந்து, யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று ஆள் நினைக்கிற அந்த இரண்டு மூன்று விநாடியில்தான் முகம் உண்மையைக் காட்டுகிறது.

விளையாட்டுப் படம் எடுப்பவருக்கு இதைவிடப் பெரிய மூலதனம் கிடையாது. பந்து துடுப்பில் படும் கணத்தை இன்றைய கமரா தானாகவே பிடித்துவிடும், விநாடிக்கு இருபது படம் எடுக்கிற கருவிகள் வந்துவிட்டன. பிடியைத் தவறவிட்டவன் கையை எங்கே வைக்கிறான், ஆட்டமிழந்தவன் எல்லைக்கோட்டைத் தாண்டும்போது துடுப்பை எப்படிப் பிடித்திருக்கிறான் என்பதை அந்தக் கருவி தேடாது. ஆள்தான் தேட வேண்டும்.

1985 செப்டெம்பர் 11ஆம் திகதி நான் தளத்தில் இருந்தேன். பி. சரவணமுத்து மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் விளக்குக்காரர், ஒரு சிங்கள அண்ணர், சின்ன ரேடியோ ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் விளக்கு மெல்ல ஆடியது. கடைசியில் கபில் தேவ் அடித்த பந்தை ருமேஷ் ரத்நாயக்க தானே வீசித் தானே பிடித்து வெற்றியை முடித்தபோது, தளத்தில் இருந்த எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அந்த ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். நான் ரேடியோவைக் கேட்கவில்லை. அவர்களுடைய முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயக்குநர் கேட்டு வாங்க முடியாத முகங்கள். அடுத்த நாள் பத்திரிகையில் ருமேஷ் கையை விரித்துப் பாயும் படத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டினேன். மைதானத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை அன்றைக்குத்தான் வந்தது.

ஆசை வந்து ஏழு வருடம் கழித்து, 1992 ஓகஸ்டில், இரவல் வாங்கிய கமராவோடு கொழும்பு எஸ்.எஸ்.சி. (சிங்கள விளையாட்டுக் கழக) மைதானத்தில் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். அவுஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் அவர்கள் 256, நாங்கள் எட்டு விக்கெட்டுக்கு 547. குருசிங்ஹ, ரணதுங்க, முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 132 எடுத்த களுவிதாரண என்று மூன்று சதங்கள். 291 ஓட்டம் முன்னிலை. கடைசி நாளில் வெற்றிக்கு 181 தேவை, இரண்டு விக்கெட்டுக்கு 127. பக்கத்தில் இருந்தவர்கள் பட்டாசு வாங்க ஆள் அனுப்பிவிட்டார்கள்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு பிலிம் சுருள், 36 படம். அரவிந்த டி சில்வா வந்து அடித்த அடிகளில் மயங்கி ஒவ்வொன்றுக்கும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் மெக்டர்மட்டின் பந்தைத் தூக்கி அடிக்க, அலன் போடர் பின்பக்கமாக ஓடி அந்தப் பிடியை எடுத்தபோது கமராவின் எண் 36இல் நின்றது. அதன் பிறகுதான் போட்டியே நடந்தது. மிச்ச எட்டு விக்கெட்டும் 37 ஓட்டத்துக்குள் போயின. அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாத ஷேன் வோர்ன் கடைசி மூன்றை ஒரு ஓட்டமும் கொடுக்காமல் எடுத்தார். 164க்கு எல்லாரும் ஆட்டமிழந்தார்கள். 16 ஓட்டத்தால் தோல்வி.

என் முன்னால் ஒரு முதியவர் இரண்டு கையையும் தலையில் வைத்தபடி அப்படியே இருந்தார். ஒரு பொடியன் கொடியைச் சுருட்டிச் சுருட்டி ஒரு விரல் தடிப்புக்குக் கொண்டு வந்துவிட்டான். பட்டாசு வாங்கப் போனவர் பொதியோடு படியில் நின்றார், உள்ளே வரவில்லை. எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது, என்னிடம் பிலிம் இல்லை. என்ன செய்வது? பள்ளிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எழுதினேன். யார், எங்கே இருந்தார், கை எங்கே இருந்தது, என்ன சொன்னார். படம் எடுப்பது போலவே எழுதினேன், ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு வரி. அதை ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விளையாட்டுப் பக்கப் பொறுப்பாளர் முதல் பந்தியில் இருந்த என் வீராப்பு வசனங்களை எல்லாம் வெட்டிவிட்டு அந்த முதியவரில் இருந்து தொடங்கிப் போட்டார். நான் எடுத்த 36 படத்தில் ஒன்றுகூட அச்சுக்குத் தேறவில்லை.

ஆகவே, இரண்டையும் ஒருவர் செய்ய முடியுமா என்று கேட்டால், எனக்கு அவை இரண்டு வேலையாகவே வரவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. இது முக்கியம். ஊடக மேடை உயரத்தில் இருக்கும். அங்கிருந்து களத்தடுப்பின் அமைப்புத் தெரியும், யாரை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள், ஏன் என்று விளங்கும். புகைப்படக்காரர் எல்லைக்கோட்டுக்கு வெளியே தரையோடு இருப்பார். அவருக்கு அமைப்புத் தெரியாது, ஆனால் சத்தம் கேட்கும். பந்து கையுறையில் விழுகிற ஒலி, ஸ்லிப்பில் நிற்பவர்களின் பேச்சு, தவறவிட்டவன் தன்னைத் தானே திட்டுவது. நான் முதல் ஒரு மணி நேரம் மேலே கொப்பியோடு இருப்பேன், கமரா பைக்குள் இருக்கும். பிறகு கீழே இறங்குவேன், அதன் பின் கொப்பி பைக்குள். இடைவேளையில் இருநூறு சொல் எழுதி முடித்துவிடுவேன். மாலையில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதலாம் என்று வைத்தால் படம்தான் நினைவில் நிற்கும், கணக்குப் போய்விடும்.

அவன் முதலில் கற்க வேண்டியது ஓட்டப் பதிவுப் புத்தகம் எழுதுவது. கணினியில் வருகிறதே என்பான். வரட்டும். கையால் ஒரு முழு நாள் ஒவ்வொரு பந்தையும் குறித்தவனுக்குத்தான், ஒரு பந்துவீச்சாளர் எப்போது களைத்தார், எந்த ஓவரில் ஆட்டம் திரும்பியது என்பது உடம்பில் தெரியும். அப்புறம் தமிழ். விளையாட்டுத் தமிழில் எங்களுக்கு ஒரு சொத்து இருக்கிறது. இந்தியாவில் மட்டை, இங்கே துடுப்பு. அங்கே கால்பந்து, இங்கே உதைபந்தாட்டம். துடுப்பெடுத்தாடினார் என்று வானொலியில் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தச் சொல்லிலேயே ஆட்டம் நடக்கும். பந்துப் பரிமாற்றம், களத்தடுப்பு, கோலூன்றிப் பாய்தல், மெய்வல்லுநர் போட்டி, எல்லாம் வானொலியிலும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் பத்திரிகையிலும் புழங்கிப் புழங்கி நிலைத்தவை. அவன் இவற்றைக் கூச்சமில்லாமல் பாவிக்க வேண்டும். விக்கெட், ஓவர் என்று எழுதுவதிலும் தவறில்லை, வாசிப்பவர் இடறாமல் போக வேண்டும், அதுதான் அளவுகோல். ‘அனல் பறந்தது’, ‘சரவெடி’ போன்றவற்றை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அவை எந்தப் போட்டிக்கும் பொருந்தும். எந்தப் போட்டிக்கும் பொருந்துவது இந்தப் போட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

படத்துக்கு வருகிறேன். கிரிக்கெட்டுக்குக் குறைந்தது 400 மில்லிமீற்றர் லென்ஸ் வேண்டும். அதில் வெளிச்சத்தை நன்றாக வாங்குகிற வகைகள் ஒரு வாகன விலைக்குப் போகும். 2022 நெருக்கடியில் ரூபா விழுந்த பிறகு சாதாரண கமராவே கைக்கு எட்டாத விலையாகிவிட்டது. ஆகவே கிரிக்கெட்டில் தொடங்க வேண்டாம். பாவித்த கமரா உடல் ஒன்றும் 70-200 லென்ஸ் ஒன்றும் போதும், வலைப்பந்தாட்டமும் உதைபந்தாட்டமும் பள்ளி மெய்வல்லுநர் போட்டிகளும் அதற்குள் அடங்கும். ஷட்டர் வேகம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே போகக் கூடாது. உதைபந்தாட்டத்தில் முழங்கால் போட்டு இரு, நின்றுகொண்டு எடுத்தால் ஆட்கள் குள்ளமாகி விடுவார்கள்.

வெளிச்சம் கொழும்பில் ஒரு தனிப் பாடம். நாங்கள் பூமத்தியரேகைக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் முதல் கிழமையை ஒட்டியும் செப்டெம்பர் முதல் கிழமையை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேலே நிற்கும். பள்ளிகளின் பெரும் சமர்கள் நடக்கிற மார்ச்சில் ஏறக்குறைய அதே நிலைதான். தொப்பிக்குக் கீழே முகம் முழுக்கக் கறுப்பு நிழல், கண்ணே தெரியாது. அந்த நேரத்தில் முகம் தேடி அலைந்து பயனில்லை, வெள்ளை உடையிலும் காய்ந்த புல்லிலும் பட்டு எழுகிற வெளிச்சம் முகத்தில் விழுகிற இடத்தைத் தேட வேண்டும், அல்லது கூடாரத்துக்குள் போய் அடுத்து ஆட இருப்பவனை எடுக்க வேண்டும். நாலு மணிக்குப் பிறகு வெளிச்சம் சாயும், அப்போது வெளியே வா. இதுவும் உங்கள் மகனுக்குப் பாதி தெரிந்திருக்கும். விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, முகத்தை எவ்வளவு திருப்பினால் கண்ணில் ஒளி விழும் என்பதை அவன் எட்டு வயதில் தன் முகத்தாலேயே கற்றவன்.

ஒரு படத்தை மனத்தில் எப்படிக் கட்டுவது என்பதற்கு இரண்டு ஆட்களைச் சொல்கிறேன். முத்தையா முரளிதரன் பந்தை விடும்போது கண் இரண்டும் அகல விரியும். அவரை எடுக்கிறவர் கையை விட்டுவிட்டுக் கண்ணில் குவியம் வைத்தால் போதும். 1992 ஓகஸ்டில் கெத்தாராமையில் முதல் டெஸ்ட் ஆடியவர், 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு முடித்தார். பதினெட்டு வருடமும் அந்தக் கண் மாறவில்லை. மற்றவர் யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம். இரண்டு மீற்றருக்கும் மேல் உயரம், 2018இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தவர். வளையம் 3.05 மீற்றரில் இருக்கிறது. அவரைத் தனியாக நெடும்படமாக எடுத்தால் அவர் எவ்வளவு உயரம் என்று ஒருவருக்கும் விளங்காது. பக்கத்தில் துள்ளி எழுகிற எதிரணிப் பெண்ணின் கை விரல் நுனியும் வளையமும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும். அப்போதுதான் உயரம் தெரியும், அதைத் தடுக்க முயல்கிறவரின் பாடும் தெரியும். அதற்குத் தர்ஜினியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, எதிரணிப் பெண் எப்போது எழுவாள் என்று பார்த்திருக்க வேண்டும்.

எழுத வேண்டிய ஆட்கள் எங்களுக்கு நிறைய இருக்கிறார்கள், சகோதரி. இதில் எனக்குக் கொஞ்சம் கவலை உண்டு. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அதற்கு முன்பே ஹெல்சிங்கி, மெல்பேர்ன் என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்தவர். இன்றைக்கு ஒரு தமிழ்ப் பள்ளி மாணவனிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பான். ஏனென்றால் ஒரு பந்திச் செய்தியாகவே மீண்டும் மீண்டும் எழுதினோம், ஆளாக எழுதவில்லை. பொரளைக்குப் பக்கத்தில் இருக்கிற பி. சரவணமுத்து மைதானமும் அப்படித்தான். 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம். 1948இல் பிரட்மன் ஆடிய இடம், 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் நடந்த இடம். பஸ்ஸில் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு மதில். அந்த மதிலுக்குள்ளே என்ன நடந்தது என்று தமிழில் எழுத ஆள் வேண்டும்.

தகப்பன் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். தமிழ்ப் பத்திரிகைகளில் வெளியிலிருந்து எழுதுகிறவருக்குக் கிடைக்கிற காசு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காணும், வீட்டு வாடகைக்குக் காணாது. என் முதல் நீண்ட லென்ஸ் கிரிக்கெட்டால் வரவில்லை, சாமத்திய வீடுகளாலும் கல்யாணங்களாலும் வந்தது. சனிக்கிழமை மைதானம், ஞாயிற்றுக்கிழமை பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மண்டபம். பத்து வருடம் அப்படித்தான் ஓடியது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மேடையில் மணவறை விளக்குக்குள் பெண்ணின் முகத்தை எடுக்கப் பழகியவன் இரவு ஆட்டத்தின் மின்னொளிக்குத் தடுமாற மாட்டான். தகப்பனுக்கு இதைச் சொல்லுங்கள்: எழுத்து தனியே சோறு போடாது, ஆனால் கமரா கையில் இருக்கிறவன் பட்டினி கிடக்க மாட்டான். ஒரு தகுதியும் வேண்டும் என்றால் இலங்கை இதழியல் கல்லூரியின் டிப்ளோமாவைத் தமிழிலேயே படிக்கலாம்.

இன்னொன்று, எங்கள் காலத்தில் இல்லாத வசதி ஒன்று அவனுக்கு இருக்கிறது. போர்க்காலத்தில் நீண்ட குழாய் போன்ற பையைத் தூக்கிக்கொண்டு கொழும்பில் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் லென்ஸைக் கழற்றிக் காட்டி, அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் மறுபடியும் காட்டி, முதல் ஓவரைத் தவறவிட்ட நாட்கள் எத்தனை. கடைசியில் பையை மாற்றினேன், பிள்ளைகளின் பள்ளிப் பை ஒன்றில் துவாய் சுற்றி வைத்துக் கொண்டுபோவேன். அவன் நேராக நடந்து போகலாம். ஆனாலும் எங்கும் சொல்லாமல் உள்ளே போகக் கூடாது. பள்ளி மைதானம் என்றால் அதிபரிடம் அல்லது விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடம் கேட்க வேண்டும், பிள்ளைகளின் படத்தை வெளியே போடுமுன் மறுபடியும் கேட்க வேண்டும். கேட்காமல் படம் எடுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு பத்திரிகைக்கு ஒழுங்காக எழுதத் தொடங்கிய பிறகு, அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அட்டைக்கு அந்தப் பத்திரிகை மூலம் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் அட்டையைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

சந்தையில் பாத்திரப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என்னையும் முப்பது வயது வரை கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஒருநாள் புறக்கோட்டையில் ஒரு வயோதிப அம்மா கையைப் பிடித்து, ‘தம்பி, என்ர மகன் வெளிநாடு போன வருசம் உங்கட நாடகம்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்’ என்றார். அவருக்கு அந்தப் பெயர் தன் மகனோடு சேர்ந்த ஞாபகம். அன்றிலிருந்து கூப்பிட்டால் நின்று இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுப் போவேன். மகனை இதற்குக் கட்டாயப்படுத்த வேண்டாம். வயது வரும்போது அவனாகவே நிற்பான். நடித்த காலத்துப் படங்களையும் ஒளிநாடாக்களையும் அவன் எறியச் சொன்னாலும் எறியாமல் எடுத்து வையுங்கள்.

எங்கே தொடங்குவது என்பதுதான் மிச்சம். வருகிற சனிக்கிழமை வீட்டுக்குக் கிட்ட நடக்கிற ஏதாவது பள்ளிப் போட்டிக்குப் போகட்டும், எந்த விளையாட்டு என்றாலும் பரவாயில்லை. கமரா வேண்டாம். கொப்பி ஒன்று, பேனை இரண்டு. தோற்கிற பக்கத்தோடு இருக்கட்டும். ஆட்டம் முடிந்த பிறகு பத்து நிமிடம் எழும்பாமல் இருந்து, பன்னிரண்டு பேரைப் பார்த்து, ஆளுக்கு இரண்டு வரி எழுதட்டும். அடுத்த சனிக்கிழமை கமராவோடு போகட்டும், ஆனால் 36 படத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, எண்ணிக்கொண்டு எடுக்க வேண்டும். அதில் ஆறு படம் கடைசி விசிலுக்குப் பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் லென்ஸைத் துடைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கச் சொல்லுங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றில் மூன்று மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். மூன்றாவது கிழமை அந்தப் பன்னிரண்டு ஆட்களின் வரிகளையும் அந்த ஆறு படங்களையும் இங்கே போடட்டும். நான் வாசித்துப் பார்த்து, எதை வெட்டலாம் என்று எழுதுகிறேன்.